கடலில் இறக்கிய சோற்றுக் கிண்ணம்

அத்தானின் பிறந்த தேதியைப் பிழையாக எழுதியது நான்தான். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பிறகு சொல்லலாம் என்று வைத்த எதையும் நான் நேரத்துக்குச் சொன்னதில்லை.

சுனாமி வந்த கிழமை அது. திருகோணமலையில் ஒரு பள்ளிக்கூட மண்டபத்தில் பாய் விரித்து இருந்தோம். அக்காவுக்கும் அத்தானுக்கும் கலியாணம் முடிந்து நாலு மாதம்தான். சண்டையில் இடம்பெயர்ந்து திரிந்ததால் அத்தானிடம் அதற்கு முதலே ஒழுங்கான பேப்பர் ஒன்றும் இருக்கவில்லை. இருந்த ஒன்றிரண்டையும் கடல் கொண்டுபோய்விட்டது. பதிவு எடுக்கிற ஆட்கள் வந்து படிவம் தந்து, பின்னேரத்துக்குள் நிரப்பித் தரவேண்டும் என்றார்கள். நான் எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன். என்றாலும் எங்கள் பாயில் பேனை பிடிக்கக்கூடிய ஆள் நான் ஒருவன்தான். அத்தான் பிரேதம் தூக்கப் போயிருந்தார். அக்கா அந்த நாட்களில் ஒருவரோடும் கதைக்கவில்லை. நான் மனதில் வந்த ஒரு மாசி மாதத் தேதியை எழுதி, வருடத்தையும் எழுதிவிட்டேன்.

இரவு அத்தான் வந்து பார்த்துச் சிரித்தார். "என்ன தம்பி, என்னை ரெண்டு வயசு இளமையாக்கிப் போட்டாய். உன்ர அக்காவுக்கு லாபம்தான்" என்றார். பிறகு திருத்தலாம் என்று விட்டோம். அந்தப் படிவத்தை வைத்து அடையாள அட்டை எடுத்தார், அடையாள அட்டையை வைத்துப் பாஸ்போர்ட் எடுத்தார். பிழை அவரோடு கூடவே வளர்ந்தது.

கொரியாவுக்கு முதலில் போனவன் நான். மொழிச் சோதனை எழுதி, தெற்குப் பக்கத்துத் தீவொன்றில் நெத்தலி பிடிக்கிற போட்டில் வேலை கிடைத்தது. எங்கள் ஊர் நெத்தலிதான், கொஞ்சம் பெரிது. போட்டிலேயே உப்புத் தண்ணீரில் அவித்து எடுப்பார்கள். மாரியில் கயிற்றில் பனி உறையும். கையுறை போட்டாலும் விரல் மரத்துப் போகும். ஒவ்வொரு நாளும் கரையேறும் வரைக்கும் நான் மூச்சை முழுதாக விட்டதில்லை. ஒப்பந்தம் முடிந்ததும், இன்னும் நில் என்று முதலாளி கேட்டும், வந்துவிட்டேன். இப்போது இங்கே துறைமுகத்தில் மீனுக்கு ஐஸ் உடைக்கிறேன்.

அந்த ஊரில் என்னைப் பிடித்து வைத்திருந்தது ஒன்றே ஒன்றுதான், அவர்களின் கடல் விழா. அங்கே வருடப்பிறப்பு நிலவைப் பார்த்து வரும். அது கழிந்து சில நாளில் ஊர் முழுக்கத் துறைக்கு இறங்கும். போட்டுகளில் சிவப்பும் மஞ்சளும் நீலமுமாக நீளக் கொடிகள். பலகையில் மடை வைத்திருப்பார்கள்: அவித்த பன்றித் தலை, அரிசிமாக் கட்டி, காய்ந்த மீன், பழம். வெண்கலத் தட்டும் மேளமும் முழங்க ஒரு அம்மா உருவேறி ஆடுவா. கடலுக்கு அடியில் இருந்து ஆளுகிற ஒரு நாகராசாவுக்குத்தான் அந்த மடை என்று நான் விளங்கிக்கொண்டேன். பெண்கள் சோற்றைக் காகிதத்தில் சுற்றிக் கடலுக்கு ஊட்டுவதுபோல் போடுவார்கள். கடைசியில் வைக்கோலால் கட்டின படகொன்று வரும். அதற்குள் வைக்கோல் மனிதர்கள் இருப்பார்கள். ஊரின் வருத்தம், விபத்து, துக்கம் எல்லாவற்றையும் அதில் ஏற்றி, போட்டொன்றில் கட்டி வெளிக்கடல் வரை இழுத்துப்போய்க் கயிற்றை அறுத்துவிடுவார்கள். அறுத்தபின் திரும்பிப் பார்க்கக்கூடாது. நான் பார்த்தேன். அவ்வளவு பேரின் கெட்ட காலத்தையும் ஏற்றின ஒன்று எந்தப் பக்கம் போகிறது என்று தெரியாமல் எப்படி நித்திரை கொள்வது?

விழாவுக்கு முதல் நாள் முதலாளியின் மனைவி எங்கள் அறைக்கு வந்து ஒவ்வொருவரிடமும் கேட்பா: உங்கள் ஊரில், உங்கள் வீட்டில், யாரும் செத்தார்களா, பிள்ளை பிறந்ததா? அப்படி இருந்தால் துறைப் பக்கம் வரக்கூடாது. எங்கள் தீட்டுத் துடக்குத்தான், வேறொன்றுமில்லை. போனில் சொன்னபோது அக்கா, "அப்ப அவையள் எங்கட ஆக்கள்தான்" என்றா. அன்றிலிருந்து அக்காவுக்கு அந்த ஊர் மேல் ஒரு நம்பிக்கை.

நான் திரும்பி வந்த அடுத்த வருடம் அத்தான் சோதனை எழுதினார். கொரிய வேலைக்கு வயதெல்லை உண்டு. உண்மை வயதுக்கு அவர் போயிருக்க ஏலாது. பேப்பர் வயதுக்கு மட்டுமட்டாகப் போகலாம். அத்தான் யோசித்துக்கொண்டிருந்தார். "பேப்பரில நீங்கள் இளந்தாரி அத்தான்" என்று நான்தான் சொன்னேன். எனக்கே பயமாக இருந்த கடலுக்கு அவரை அனுப்பினேன். ஏன் என்று இப்போது கேட்டால் ஒழுங்கான பதில் இல்லை. முதலாளி நல்லவர், அந்தப் போட்டு எனக்குத் தெரிந்த போட்டு, நான் பயந்தவன், அத்தான் பயப்படாத ஆள். இப்படித்தான் நினைத்தேன். வயதெல்லை என்று ஒன்று இருப்பது அக்காவுக்குத் தெரியாது. நாங்கள் சொல்லவில்லை.

போன வருட விழாவை அத்தான் எனக்கு வீடியோவில் காட்டினார். போட்டில் வேலை செய்கிற ஒவ்வொருவரின் பெயரையும் பிறந்த நாளையும் அந்த அம்மா உரத்து வாசித்து, ஆளுக்கொரு வெள்ளைக் காகிதத்தைக் கொளுத்திக் கையால் மேலே ஏந்திவிடுவா. காகிதம் உயரப் போனால் அந்த வருடம் நல்லது. அத்தானின் காகிதம் நன்றாகத்தான் போனது.

"பார்த்தியா? ஆனா நீ எழுதின தேதியைத்தான் வாசிச்சவை" என்று சிரித்தார். "ஆசீர்வாதம் ஆருக்குப் போச்சுதோ தெரியாது. மாசியில பிறந்த எவனோ ஒருத்தன் இந்த வருசம் நல்லா இருப்பான்."

நானும் சிரித்தேன். 

இந்த வருடம் தை மாதக் கடைசியில் வலை இழுக்கும்போது கயிறு காலில் சுற்றி அத்தான் கடலில் விழுந்தார். கூட நின்றவர்கள் கண்டார்கள், கை நீட்டினார்கள், எட்டவில்லை. கப்பல் வந்து தேடியது, ஹெலிகொப்டர் தேடியது. பத்து நாளில் தேடுவதைக் குறைத்துக்கொண்டார்கள். நீரோட்டம் யப்பான் பக்கம் இழுத்துப் போயிருக்கலாம் என்று முதலாளி சொன்னார்.

அதைச் சொன்னதும் அக்கா, "யப்பான்காரர் கண்டால் என்ன செய்வினம்?" என்று கேட்டா.

அதற்கு என்னிடம் ஒரு பதில் இருந்தது. கொரியாவில் என்னோடு அறையில் இருந்த மூதூர் ஆள் ஒருவர் முன்பு யப்பானில் மீன் துறையொன்றில் நின்றவர். அவர் சொன்ன கதை இது. அங்கே பழைய மீன்பிடிக்காரர் கடலில் பிரேதத்தைக் கண்டால் விட்டுவிட்டு வரமாட்டார்கள். அது மீன் தருகிற தெய்வம் என்று எண்ணம். போட்டின் ஒரு பக்கத்தால்தான் ஏற்றவேண்டும், மற்றப் பக்கத்தால் கூடாது. ஏற்றமுதல் ஒருவர், "மீன் தருவாயா?" என்று பிரேதத்தைக் கேட்பார். இன்னொருவர் அதற்காக, "தருவேன்" என்று பதில் சொல்வார். பிறகுதான் தூக்குவார்கள்.

"அப்ப விட்டிட்டுப் போகமாட்டினம்" என்றா அக்கா.

"ஓம் அக்கா. மாட்டினம்."

எங்கள் கடலில் அப்படி இல்லை. நான் பதினேழு வயதில் ஒரு போட்டில் போனபோது மிதந்த ஒன்றைக் கண்டோம். தொட்டால் நேவிக்கும் பொலிசுக்கும் வாக்குமூலம் கொடுத்தே காலம் போய்விடும் என்று ஓட்டி என்ஜினைத் திருப்பினார். நானும் ஒன்றும் சொல்லவில்லை. அதை அக்காவுக்கு நான் இன்றைக்கும் சொல்லவில்லை.

பிரேதம் இல்லாவிட்டால் தர்ப்பைப் புல்லில் உருவம் செய்து எரித்துக் கிரியை செய்யலாம் என்று ஐயர் சொன்னார். அக்கா கேட்கவில்லை. "புல்லை எரிச்சுப் போட்டு நான் தாலியைக் கழட்டமாட்டன். அவர் வரவேணும். முழுசா இல்லாட்டியும் ஏதோ ஒண்டு வரவேணும்" என்றா. சமைப்பதை விட்டா. மகளின் தலையை இழுத்துப் பின்னிவிடுவா, அது மட்டும்தான் அவ செய்த வேலை. பக்கத்து வீட்டார் கொண்டுவந்த இடியப்பம் தட்டிலேயே காய்ந்து கிடக்கும்.

அப்போதுதான் முதலாளியின் மனைவி எனக்குப் போன் எடுத்தா. அவர்களின் ஊர் வழக்கம் ஒன்று செய்யப் போகிறார்களாம். கடலில் போனவரின் உயிரை அள்ளி எடுக்கிறது. ஒரு கிண்ணத்தில் சோறு வைத்து, வெள்ளைத் துணியால் இறுக்கிக் கட்டி, நீளத் துணியில் தொங்கவிட்டுக் கடலில் இறக்குவார்கள். உருவேறின அம்மா அவரின் பெயரையும் பிறந்த நாளையும் சொல்லிக் கூப்பிடுவா. தூக்கி அவிழ்த்துப் பார்க்கும்போது கட்டின துணிக்குள், சோற்றில், ஒரு தலைமயிர் இருந்தால் அவர் வந்துவிட்டார். அந்த மயிரை வைத்து மிச்சச் சடங்கைச் செய்வார்கள். இது முடியும்வரைக்கும் அந்த இடத்தில் வலை போடப் போட்டுக்காரர் ஒருவருக்கும் மனமில்லை என்றும் அவ சொன்னா. எங்கள் மேல் பரிவும் இருந்தது, தங்கள் பயமும் இருந்தது. எனக்கு அதில் கோபம் வரவில்லை. பயம் எனக்கு விளங்கும்.

"நீங்களும் அதே நேரத்தில் உங்கள் கடற்கரையில் நின்று கூப்பிடவேண்டும். வீட்டுக்காரர் குரல் வேண்டும்" என்றா. பிறகு, "பிறந்த நாள் பாஸ்போர்ட்டில் இருக்கிறதுதானே?" என்று கேட்டா.

"ஓம், அதுதான்" என்றேன்.

அந்த இடத்தில் சொல்லியிருக்கலாம். பேப்பர் பொய் என்று தெரிந்தால் எந்த அரசாங்கக் கந்தோரில் யார் என்ன கேட்பார்கள், அக்காவுக்கு வரவேண்டிய நட்டஈட்டை நிறுத்துவார்களோ, என்னைப் பிடிப்பார்களோ, எல்லாம் ஒரு நிமிடத்தில் ஓடியது. ஒரு சடங்குக்குத் தேதி எதுவாக இருந்தால் என்ன என்று என்னை நானே சமாதானப்படுத்திக்கொண்டேன்.

அவர்களுக்குக் காலை பத்து மணி என்றால் எங்களுக்கு ஆறரை. வெளிச்சம் வந்துவிட்டது. மகளைப் பக்கத்து வீட்டில் விட்டு நானும் அக்காவும் கடற்கரைக்குப் போனோம். அக்கா வாழைப்பழம், பூ, ஒரு செம்பு தண்ணீர் கொண்டுவந்து மணலில் வைத்தா. கோட்டைக்குள் திரிகிற மான்களில் ரெண்டு வழக்கம்போல வந்து நின்று பழத்தைப் பார்த்தன. கொஞ்சம் தள்ளிக் கரைவலை இழுத்துக்கொண்டிருந்தவர்களில் ஒருவர், நான் போனைத் தூக்கிக் கடலுக்கு நேரே பிடிப்பதைக் கண்டு, "என்ன தம்பி, கடலுக்குக் கடலைக் காட்டுறியோ? அதுக்குத் தன்னைத் தெரியும், விடு!" என்று கத்தினார். மற்றவர்கள் சிரித்தார்கள். பக்கத்தில் நின்ற அக்காவை அடையாளம் கண்டதும் அந்த ஆள் தலையைக் குனிந்துகொண்டு கயிற்றை இழுத்தார். அதன்பிறகு வலை முழுக்கச் சத்தமில்லாமல் வந்தது.

போனில் எனக்குத் தெரிந்த அதே துறை. அதே மேளம், ஆனால் இழுத்து இழுத்து அடித்தார்கள். கொடிகள் இல்லை. முதலாளியின் மனைவி போனைப் பிடித்திருந்தா. அந்த அம்மா வெள்ளை உடுப்பில் அத்தானின் வேலை ஜாக்கெட்டைத் தோளில் போட்டுக்கொண்டு போட்டின் விளிம்பில் நின்றா. கிண்ணம் இறங்கியது. அத்தானின் பெயர் அவவின் வாயில் வேறுமாதிரி வந்தது, ஆனால் விளங்கியது. பின்னால் நான் எழுதின தேதியும் வந்தது.

அக்கா முழங்கால் அளவு தண்ணீரில் நின்று, "இஞ்சை வாங்கோ! உங்களைத்தான், இஞ்சை வாங்கோ!" என்று கூப்பிட்டா. சாப்பாட்டுக்குக் கூப்பிடும் அதே குரல்.

துணியை அவிழ்த்தார்கள். சோறு நனைந்திருந்தது. வேறொன்றுமில்லை.

இரண்டாம் தரமும் இறக்கினார்கள். அக்காவின் குரல் அடைத்துவிட்டது. இரண்டாம் தரமும் சோறு மட்டும்தான். துறையில் நின்றவர்கள் ஒருவரையொருவர் பார்த்தார்கள். அந்த அம்மா கிண்ணத்தைக் கீழே வைத்துவிட்டு எங்கள் பக்கம், போனைப் பார்த்து, ஏதோ கேட்டா.

"என்ன கேக்கிறா?" என்றா அக்கா.

"பிறந்த நாள் சரியோ எண்டு கேக்கிறா."

"நீ எதைக் குடுத்தனீ?"

"பாஸ்போர்ட்டில உள்ளது."

அக்கா திரும்பி என்னைப் பார்த்த பார்வையை எப்படி எழுதுவது என்று எனக்குத் தெரியவில்லை. "உனக்கு மூளை இருக்கோடா? அது பிழையெல்லோ! அது நீ எழுதினது! அவர் ஆனியில பிறந்தவர். பூச நட்சத்திரம். அமாவாசை கழிஞ்சு மூண்டாம் நாள். வருசமும் ரெண்டு முந்தி. அவரை அங்கை நிக்கவைச்சுக்கொண்டு வேற ஆரையோ கூப்பிடுறியளே!"

நான் முதலாளியின் மனைவிக்குச் சொன்னேன். நிலவுக் கணக்கு அவர்களுக்கும் உண்டு. அமாவாசைக்கு மூன்றாம் நாள் என்றதும் அவவுக்கு உடனே விளங்கியது. அவர்களுக்கு வருடத்துக்கொரு மிருகம், பாஸ்போர்ட்டில் இருந்த வருடம் பன்றி. "பன்றி வருடம் இல்லை. அதற்கு இரண்டு முந்தி. சேவல்" என்றேன். பஞ்சாங்கத்தைப் பார்த்துவிட்டு அவ விரலை மடக்கி எண்ணுவது தெரிந்தது. பிறகு மெதுவாக ஒரு வசனம் சொன்னா. சத்தம் போடவில்லை.

"என்னவாம்?" என்றா அக்கா.

"ஒண்டுமில்லை. திரும்ப இறக்கினமாம்."

மூன்றாம் தரம் கிண்ணம் இறங்கியது. அந்த அம்மா சேவல் வருடத்தைச் சொல்லி, மாதத்தைச் சொல்லி, மூன்றாம் நாளைச் சொல்லி, பெயரைச் சொன்னா. அக்கா கூப்பிடவில்லை. வாய் திறந்தபடி நின்றா. இந்தமுறை நெடுநேரம் விட்டு வைத்தார்கள். தூக்கும்போது துணி போட்டின் பக்கத்தில் உரசியது, இரண்டு பேர் பிடித்து எடுத்தார்கள், முடிச்சை அவிழ்க்க இன்னொருவர் குனிந்தார். எத்தனை கை பட்டது என்று எண்ணிக்கொண்டிருந்தேன். முதலாளியின் மனைவி போனைக் கிட்டக் கொண்டுபோனா. சோற்றுக்கு மேல் ஒரு மயிர் கிடந்தது. கட்டையான, கறுப்பு மயிர்.

துறையில் எல்லோரும் அழத் தொடங்கினார்கள். அது அத்தானுடையதோ, முடிச்சை அவிழ்க்கக் குனிந்தவருடையதோ, எனக்குத் தெரியாது. அன்றைக்கும் தெரியாது, இன்றைக்கும் தெரியாது. அக்காவுக்குச் சந்தேகமே இருக்கவில்லை. தண்ணீரை விட்டு வந்து மணலில் இருந்தா. மான்கள் பழத்தைத் தின்று முடித்திருந்தன. அவ அதைக் கவனிக்கவில்லை.

"வந்திட்டார்" என்றா. பிறகு, "அவ அப்ப என்ன சொன்னவ?" என்று கேட்டா.

"எப்ப?"

"விரல்ல எண்ணிப்போட்டு ஒண்டு சொன்னவ. நீ ஒண்டுமில்லை எண்டாய். நான் உன்னைத் தூக்கி வளர்த்தவள். உன்ர முகம் எனக்குத் தெரியும். சொல்லு."

போன் இன்னும் திறந்தபடி என் கையில். அந்தப் பக்கம் மேளம் நின்றுவிட்டது.

"சேவல் வருசமெண்டால் இவரை இந்த வேலைக்கு எடுத்திருக்கவே மாட்டினம் எண்டவ" என்றேன். "வயசெல்லை ஒண்டு இருக்கு அக்கா. அத்தானுக்கு அது தாண்டிட்டுது. நான்தான் பேப்பர் வயசு போதும், போங்கோ எண்டனான்."

 அக்கா கடலைப் பார்க்கவில்லை. மணலில் உள்ளங்கையை அழுத்தி அழுத்தி எடுத்தா.

"இன்னும் என்ன வைச்சிருக்கிறாய்?"

இருந்தது. விழுவதற்கு முதல் கிழமை அத்தான் எனக்குப் போன் எடுத்திருந்தார். அதை இத்தனை நாளும் ஒருவருக்கும் சொல்லவில்லை. இனி ஒன்றும் மிச்சம் வைக்க ஏலாது என்று சொல்லத் தொடங்கினேன்.

"கை விறைக்குதாம் எண்டவர். கயிறைப் பிடிச்சால் பிடிச்சது தெரியேல்லையாம்."

"அப்பிடி இல்லை. அவர் சொன்னமாதிரியே சொல்லு."

"'தம்பி, கை விறைக்குதடா. கயிறு கையில இருக்கோ இல்லையோ எண்டு பார்த்துத்தான் தெரியவேண்டிக் கிடக்கு. இளம் பெடியள் ஓடுற ஓட்டத்துக்கு எனக்கு ஓட ஏலாது. வந்திடட்டோ?' எண்டு கேட்டவர்."

"நீ என்ன சொன்னனீ?"

"இந்த நெத்தலிக் காலம் முடியட்டும் அத்தான் எண்டனான். அக்காவுக்குச் சொல்லாதேங்கோ, பயப்படுவா எண்டனான்."

"அதுக்கு?"

"'சரி சரி, நீ யோசிக்காதை' எண்டவர்."

அடிப்பா என்று நினைத்தேன். அடித்திருந்தால் நல்லது. அக்கா கழுத்துக்குப் பின்னால் இரண்டு கையையும் கொண்டுபோனா. தாலிக் கொடியின் கொக்கி உப்புத் தண்ணீரில் இறுகிப்போய்க் கழறவில்லை. உதவ நான் கை நீட்டினேன்.

"தொடாதை" என்றா. "நீ அவர் சொன்னதைச் சொல்லு. முதல்ல இருந்து சொல்லு."

நான் முதலில் இருந்து சொன்னேன். கொக்கி கழறவில்லை. அக்கா நகத்தால் கிளறிக்கொண்டே, நான் நிறுத்தும்போதெல்லாம், "ம், பிறகு?" என்றா. நான் திரும்பவும் தொடங்கினேன்.